ஆந்தை என்றால் ‘ம்’: ஹைரோகிளிஃப் சொற்புதிர்களை அவிழ்க்க ஒரு தொடக்கம்

பண்டைய எகிப்தின் ஹைரோகிளிஃப் எழுத்தில் ஒரு சொல்லைக் கொடுத்து, "இது என்னவென்று கண்டுபிடியுங்கள்" என்றால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் செய்வார்கள். ஆந்தை, பாம்பு, தண்ணீர் என்று ஒவ்வொரு படத்துக்கும் பெயர் சொல்லி, எல்லாவற்றையும் கோத்து ஒரு கதை கட்டப் பார்ப்பார்கள். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. படித்த பெரிய மனிதர்களே நூற்றாண்டுக் கணக்கில் இந்தக் கதை கட்டும் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

கி.பி. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் ஹோரப்போலோ என்ற நூலாசிரியர், ‘மகன்’ என்று எழுத எகிப்தியர்கள் ஏன் வாத்தை வரைந்தார்கள் என்பதற்கு ஒரு காரணம் சொன்னார். தன் குஞ்சுகள் மேல் அந்தப் பறவை வைத்திருக்கும் பாசம்தான் காரணமாம். விடை சரி, வாத்துப் படம் ‘மகன்’ என்ற சொல்லை எழுதப் பயன்பட்டது. காரணம்தான் தவறு. அந்தப் படத்துக்கு உரிய ஒலி ‘ஸா’. எகிப்திய மொழியில் மகனுக்கும் ‘ஸா’தான். பாசத்துக்கு இதில் இடமே இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த அதனாசியஸ் கிர்ச்சர் என்ற அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரே ஒரு அரசரின் பெயரை, ஒசைரிஸ் கடவுளின் அருளையும் சடங்குகளையும் பற்றிய நீண்ட வாக்கியமாகப் ‘படித்தார்’.

ஆகவே புதிரை எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தப் படம் இந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது?" என்பதுதான். வேலை மூன்று வகை. சில படங்கள் ஒலியைத் தரும். சில படங்கள் வரைந்த பொருளையே குறிக்கும். இன்னும் சில, வாயால் சொல்லப்படாமல், சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்று மட்டும் காட்டும். ஒரே படம் ஒரு சொல்லில் ஒரு வேலையும் அடுத்த சொல்லில் வேறு வேலையும் செய்யலாம். புதிரின் சுவை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

தமிழில் ஒன்றைச் செய்து பார்த்தால் இது சட்டென்று பிடிபடும். ‘ஆறு’ என்று எழுத ஓடும் நதியை வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதே படத்தை எண் ஆறுக்கும் பயன்படுத்தலாம், ஒலி ஒன்றுதானே. சூடு ஆறுவதற்கும் பயன்படுத்தலாம். இப்போது படிப்பவருக்குக் குழப்பம் வரும். அதைத் தீர்க்க, எண் என்றால் பக்கத்தில் சில கோடுகள், சூடு ஆறுவது என்றால் பக்கத்தில் ஒரு தீச்சுடர் என்று சிறிய துணைப்படம் ஒன்றைச் சேர்ப்போம். அந்தத் துணைப்படத்தை யாரும் வாய்விட்டுப் படிக்கப் போவதில்லை, அது வழிகாட்ட மட்டும். எகிப்தியர்கள் செய்தது கிட்டத்தட்ட இதுவேதான். கி.மு. 3100-ஐ ஒட்டிய காலத்து அரசர் நார்மரின் புகழ்பெற்ற கற்பலகையில், அவர் பெயர் ஒரு கெளுத்தி மீனாலும் ஓர் உளியாலும் எழுதப்பட்டிருக்கிறது. மீன் ‘நார்’, உளி ‘மெர்’. அரசருக்கும் மீனுக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை.

சரி, இப்போது வரிக்கு வருவோம். முதலில் எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது? ஹைரோகிளிஃப் இடமிருந்து வலமாகவும் வரும், வலமிருந்து இடமாகவும் வரும், மேலிருந்து கீழாகவும் வரும். அதிகம் வருவது வலமிருந்து இடம். மனிதர், பறவை, விலங்குகளின் முகத்தைப் பாருங்கள். முகங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கம்தான் வரியின் தொடக்கம். அந்த முகங்களை எதிர்கொண்டு போவது போலப் படிக்க வேண்டும். ஒரு வாசலின் இரண்டு பக்கமும் எழுத்து இருந்தால், அழகுக்காக ஒன்றை மற்றதன் கண்ணாடிப் பிம்பம் போல எழுதியிருப்பார்கள், அப்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிர்த் திசையில் படிக்கப்படும். படங்கள் ஒற்றை வரிசையாக நிற்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்றாக அடுக்கியிருப்பார்கள், மேலே இருப்பதை முதலில் படிக்க வேண்டும். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. முற்றுப்புள்ளியும் கிடையாது.

அடுத்தது ஒலி. ஒரே ஒரு மெய்யொலியைத் தரும் படங்கள் 24-ஐ வழக்கமாகக் கணக்கில் எடுப்பார்கள். இவற்றை மட்டும் மனப்பாடம் செய்தாலே பல புதிர்களில் பாதிக் கதவு திறந்துவிடும். ஆந்தை ‘ம்’. நெளியும் தண்ணீர் ‘ன்’. வாய் ‘ர்’. கொம்புள்ள விரியன் பாம்பு ‘ஃப்’. சிறிய ரொட்டி ‘ட்’. முக்காலி போன்ற சதுர இருக்கை ‘ப்’. மடித்த துணி ‘ஸ்’. நாணல் இலை ‘இ’ போன்ற ஒலி. காடைக் குஞ்சு ‘வ்’, சில இடங்களில் ‘உ’. நீட்டிய கை தொண்டையிலிருந்து வரும் ஓர் ஒலி, படிப்பவர்கள் வசதிக்காக ‘அ’ என்கிறார்கள்.

பறவைகளில் கொஞ்சம் கவனம் வேண்டும், தொடக்கத்தில் அதிகம் இடறுவது அங்கேதான். ஆந்தைக்கு உடம்பு பக்கவாட்டில் இருந்தாலும் முகம் நேராக நம்மைப் பார்க்கும், அதை வைத்தே அடையாளம் காணலாம். காடைக் குஞ்சு உருண்டையாக, சின்ன அலகோடு இருக்கும். பிணந்தின்னிக் கழுகின் அலகு வளைந்திருக்கும், அதன் ஒலியையும் ‘அ’ என்றே படிக்கிறார்கள். இன்னொரு ஜோடி எனக்கு மிகவும் பிடித்தது. பிளவுபட்ட வாலுள்ள தகைவிலான் குருவி வந்தால் ‘வெர்’, பெரியது, மேலானது என்று பொருள். வால் முனை உருண்டையாக உள்ள சிட்டுக்குருவி சொல்லின் முடிவில் வந்தால், அந்தச் சொல் சிறியது, கெட்டது, நோய் போன்ற ஒன்றைக் குறிக்கிறது. ஒரு வால் நுனியில் பொருள் தலைகீழாகிவிடும்.

உயிரொலிகளை எகிப்தியர்கள் எழுதவில்லை. ‘நெஃபெர்’ என்று நாம் படிக்கும் சொல்லில் அவர்கள் எழுதியது ந்-ஃப்-ர் மட்டும். நடுவில் வரும் ‘எ’ ஒலி நாம் வாய் வசதிக்காகச் செருகிக்கொள்வது. ஆகையால் விடை எழுதும்போது மெய்களை மட்டும் முதலில் எழுதிவைத்து, கடைசியில் ‘எ’ சேர்த்துப் படிப்பது நல்ல பழக்கம்.

ஒற்றை ஒலிப் படங்களோடு விஷயம் முடியாது. ஒரே படம் இரண்டு அல்லது மூன்று மெய்களைத் தருவதும் நிறைய உண்டு. வீட்டின் தரைப்பட வடிவம் ‘ப்-ர்’. காய்கள் அடுக்கிய செனெட் விளையாட்டுப் பலகை ‘ம்-ன்’. இதயமும் மூச்சுக்குழலும் சேர்ந்த படம் ‘ந்-ஃப்-ர்’, பொருள் அழகு, நன்மை. இங்கேதான் புதியவரைத் திணறவைக்கும் ஒரு வழக்கம் வருகிறது. ‘நெஃபெர்’ என்பதற்கு அந்த ஒரு படமே போதும். ஆனாலும் அதன் பக்கத்தில் பாம்பையும் வாயையும் வரைந்துவிடுவார்கள். அப்படியானால் அது ‘நெஃபெர்ஃபெர்’ ஆகுமா? ஆகாது. பாம்பும் வாயும் புதிதாக எதையும் சேர்க்கவில்லை, "ஆமாம், இது ஃப்-பும் ர்-ரும் உள்ள படம்தான்" என்று சாட்சி சொல்கின்றன. இதை ஒலித்துணை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய படத்தின் பக்கத்தில் அதன் கடைசி ஒலியே மறுபடி தனியாக வந்தால், அதைக் கூட்டாதீர்கள்.

இனி ஒரு புதிரை முழுதாக அவிழ்ப்போம். வீடு, அதன் கீழே வாய், பக்கத்தில் நடக்கும் இரண்டு கால்கள். வீடு ‘ப்-ர்’. வாய் ‘ர்’, அது ஒலித்துணை, கூட்ட வேண்டாம். கால்களுக்கு இங்கே ஒலி இல்லை. இந்தச் சொல் நகர்வதைப் பற்றியது என்று அவை காட்டுகின்றன. ஆக ‘ப்-ர்’ என்ற ஒலியுடைய, நகர்வு சம்பந்தமான சொல் எது? ‘வெளியே போ’ அல்லது ‘வெளிவா’. வீடு இந்தச் சொல்லுக்குள் ஒலிக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறது. உண்மையாகவே வீட்டைச் சொல்ல வேண்டுமென்றால் அதே படத்தின் கீழே ஒரு சின்னச் செங்குத்துக் கோடு போடுவார்கள். "நான் வரைந்த பொருளையே சொல்கிறேன்" என்பதற்கு அந்தக் கோடு அடையாளம். மூன்று கோடுகள் வந்தால் பன்மை.

சொல்லின் முடிவில் வரும் கால்கள் போன்ற படத்தைப் பொருள்சுட்டி என்று சொல்லலாம். புதிர் அவிழ்ப்பவருக்கு இதைவிட நல்ல நண்பன் கிடையாது. சொல் எங்கே முடிகிறது என்பதையும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும், இடைவெளி இல்லாத எழுத்தில் இது எவ்வளவு பெரிய உதவி! வாயில் கை வைத்த மனிதன் வந்தால் உண்பது, பேசுவது, நினைப்பது, நேசிப்பது. கட்டிய பாப்பிரஸ் சுருள் வந்தால் கண்ணுக்குத் தெரியாத கருத்து, அல்லது எழுத்து தொடர்பானது. எழுத்தரின் மைப்பலகைப் படத்தின் ஒலி ‘ஸ்-ஷ்’. அதன் பின்னால் மனிதன் உட்கார்ந்திருந்தால் ‘எழுத்தர்’. மனிதனுக்குப் பதில் பாப்பிரஸ் சுருள் இருந்தால் ‘எழுத்து’ அல்லது ‘எழுதுதல்’. அதனால் ஒரு சொல்லைப் பார்த்ததும் கடைசிப் படத்தை முதலில் பாருங்கள், அப்புறம் ஆரம்பத்துக்குப் போங்கள். விடைகளின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

இன்னொன்று: பால் குடம், நாணல் இலை, காடைக் குஞ்சு, கடைசியில் வாலைச் சுருட்டி உட்கார்ந்திருக்கும் பூனை. பால் குடம் ‘ம்-இ’, நாணல் அதற்கு ஒலித்துணை, காடை ‘வ்’. ‘மிவ்’. பூனை தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்கிறது.

பெயர்ப் புதிர்கள் தனி ரகம். அரசர், அரசியர் பெயரைச் சுற்றி நீள்வட்டக் கயிறு ஒன்றை வரைவார்கள், அதற்குக் கார்ட்டூஷ் என்று பெயர். இந்த எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்த பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் உள்ளே நுழைந்த வாசல் இதுதான். 1799-இல் கிடைத்த ரொசெட்டா கல்லில் இருந்தது கி.மு. 196-ஆம் ஆண்டின் ஓர் அரசாணை, ஹைரோகிளிஃபிலும் கிரேக்கத்திலும் எழுதப்பட்டது. கிரேக்கப் பகுதியில் அரசர் ப்டாலமியின் பெயர் வந்ததால், கார்ட்டூஷுக்குள்ளும் அதே பெயர் இருக்க வேண்டும். ஃபிலே தீவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஒரு சதுரத் தூணில் கிளியோபாட்ராவின் கார்ட்டூஷ் இருந்தது. இரண்டு பெயரிலும் ப, ல, ஒ ஒலிகள் வருகின்றன. ப்டாலமியில் முதலில் நிற்கும் சதுர இருக்கை கிளியோபாட்ராவில் ஐந்தாவதாக வருகிறது. ப்டாலமியில் நான்காவதாக உள்ள சிங்கம் கிளியோபாட்ராவில் இரண்டாவது. குறுக்கெழுத்துப் போடுபவர்களுக்கு இந்த இன்பம் புரியும். ஒரு முரண்பாடும் இருந்தது. ப்டாலமியில் ‘ட’ ரொட்டியாகவும் கிளியோபாட்ராவில் கையாகவும் எழுதப்பட்டிருந்தது. ஓர் ஒலிக்கு இரண்டு படங்கள் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டதால்தான் ஷாம்போலியனால் மேலே போக முடிந்தது.

இவை கிரேக்க வம்சத்துப் பெயர்கள். பழைய எகிப்திய அரசர்களின் பெயர்களுக்கும் இந்த முறை ஒத்துவருமா? 1822 செப்டம்பரில் அபு சிம்பெல் கோயிலிலிருந்து வரைந்து அனுப்பப்பட்ட ஒரு கார்ட்டூஷ் அவர் கைக்கு வந்தது. முதலில் ஒரு வட்டம், நடுவில் ஒரு படம், கடைசியில் இரண்டு ‘ஸ்’. வட்டம் சூரியன் என்றால், எகிப்திய மொழியின் கடைசி வடிவமான காப்டிக்கில் சூரியன் ‘ரே’. காப்டிக் மொழியில் அவர் ஊறியவர். நடுப்படம் ரொசெட்டா கல்லில் ‘பிறப்பு’ பற்றிய இடத்தில் வந்திருந்தது, அதன் ஒலி ‘ம்-ஸ்’. ரே-மெஸ்-ஸ். ராமெசஸ்! இன்னொரு கார்ட்டூஷில் அதே ‘ம்-ஸ்’ படத்துக்கு முன்னால் அரிவாள்மூக்கன் பறவை நின்றது, தோத் கடவுளின் பறவை. துத்மோஸ். ஒரே பெயருக்குள் பொருளைக் காட்டும் படமும் ஒலி தரும் படமும் தோளோடு தோள் நிற்கின்றன என்று தெரிந்த நொடி அது. அவ்வளவு நாள் இது முழுக்கப் படமா, முழுக்க எழுத்தா என்று நடந்த வாதம் அதோடு அர்த்தமிழந்தது.

துட்டன்காமுனின் கார்ட்டூஷை நீங்களே முயன்று பாருங்கள், மேலே சொன்னதே போதும். நாணல், செனெட் பலகை, தண்ணீர். அப்புறம் ரொட்டி, காடை, ரொட்டி. அப்புறம் மேலே வளையமுள்ள சிலுவை போன்ற ‘அன்க்’, உயிர். முதல் மூன்றில் தண்ணீர் ஒலித்துணை என்பதால் ‘இ-ம்-ன்’, அமுன். அடுத்தது ‘ட்-வ்-ட்’, துட், உருவம். வரிசைப்படி படித்தால் ‘அமுன்-துட்-அன்க்’ என்றுதானே வருகிறது? கடவுளின் பெயரை, படிப்பது பின்னால் என்றாலும், எழுதும்போது முன்னால் வைப்பது அவர்கள் காட்டிய மரியாதை. பெயருக்குள் கடவுள் இருந்தால் இதைச் சோதித்துவிடுங்கள். இடம் மாற்றினால் துட்-அன்க்-அமுன், ‘அமுனின் உயிருள்ள உருவம்’. அதன் கீழே வளைந்த கோல், தூண், செடி என்று மூன்று படங்கள் இருக்கும். அவை பெயரைச் சேர்ந்தவை அல்ல, ‘தென் இயூனு நகரின் ஆட்சியாளர்’ என்ற பட்டம்.

எகிப்தியர்களே தெரிந்தே புதிர் செய்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கெய்ரோவில் ஒரு சிலை இருக்கிறது, தானிஸ் என்ற பழைய நகரில் கிடைத்தது. பெரிய பருந்துக் கடவுளின் முன்னால் விரலை வாயில் வைத்த ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். குழந்தையின் தலையில் சூரிய வட்டம், கையில் ஒரு செடி. பார்ப்பதற்குக் கடவுள் காக்கும் குழந்தை, அவ்வளவுதான். இப்போது ஒலியாகப் படியுங்கள்: சூரியன் ‘ரா’, குழந்தை ‘மெஸ்’, செடி ‘ஸு’. இரண்டாம் ராமெசஸின் பெயரே சிலையாக உட்கார்ந்திருக்கிறது. ரோமானியர் காலத்தில் எஸ்னா கோயிலில் க்னூம் கடவுளுக்கான ஒரு துதியை ஏறக்குறைய முழுக்க ஆட்டுக்கடாப் படங்களாலேயே எழுதினார்கள், இன்னொன்றை முதலைகளால். அந்தக் காலத்துக்குள் படங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது. புதியவர்கள் எஸ்னா பக்கம் இப்போதைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, பாசெர் என்பவரின் கல்வெட்டு, ஆறாம் ராமெசஸ் காலத்தது, கி.மு. 12-ஆம் நூற்றாண்டு. மூட் தேவிக்கான துதி, சிறுசிறு சதுரக் கட்டங்களில் வெட்டப்பட்டிருக்கிறது. குறுக்கே படித்தாலும் பொருள் வரும், மேலிருந்து கீழே படித்தாலும் பொருள் வரும். மூன்று முறை படிக்க வேண்டும் என்று கல்லிலேயே குறிப்பு உண்டு. மூன்றாவது வழி ஓரத்தைச் சுற்றிப் படிப்பதாக இருக்கலாம் என்கிறார்கள். ஒவ்வொரு கட்டமும் இரண்டு திசையிலும் பொருந்தும்படி இதை யோசித்தவரின் பொறுமையை எண்ணிப்பாருங்கள்.

பயிற்சிக்கு எதை எடுப்பது? படத்துக்குப் பெயர் தெரியாமல் தேட வேண்டிய நிலையில், எகிப்திய மொழி அறிஞர் ஆலன் கார்டினர் வகுத்த பட்டியல் கைகொடுக்கும். மனிதர், பெண்கள், உடலுறுப்பு, பறவை, கட்டடம் என்று படங்களை வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார். உலகம் முழுக்க இன்றும் அந்த எண்களால்தான் பேசுகிறார்கள். யூனிகோடில் 2009-இல் 1071 ஹைரோகிளிஃப் படங்கள் சேர்ந்தபோது அந்த எண்களே அடிப்படையாக இருந்தன.

வாசகம் என்று வரும்போது, நினைவுக் கற்களில் உள்ள காணிக்கை வாசகத்தில் தொடங்குங்கள். எகிப்தியச் சேகரிப்பு உள்ள அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் இது கண்ணில் படும், சொற்களும் திரும்பத் திரும்ப அவையே. செடி, ரொட்டி, பாய் மேல் வைத்த ரொட்டி, கூம்பு வடிவ ரொட்டி என்று அது தொடங்கும். ‘ஹெதெப்-தி-நெஸு’, அரசர் அளிக்கும் காணிக்கை. செடி இங்கே அரசரைக் குறிக்கிறது, மரியாதைக்காக அவரும் முன்னால் வந்துவிட்டார். கொஞ்சம் தள்ளி ஒசைரிஸ் பெயர், பிறகு வீடும் ஒரு துடுப்பும் சேர்ந்த கூட்டு. வீடு ‘ப்-ர்’, துடுப்பு ‘கெரு’, குரல். ‘பெரெத்-கெரு’, குரல் வெளிவருதல், அதாவது வாயால் சொல்லிப் படைப்பது. சுற்றிலும் ரொட்டி, பீர்க் குடம், மாட்டுத் தலை, பறவைத் தலை. அருகில் தாமரைச் செடி இருந்தால் அது ஆயிரம்: ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர்.

அதற்குப் பிறகு தண்ணீர், மேலே தூக்கிய இரண்டு கைகள், மறுபடி தண்ணீர் என்று வரும் இடத்தைத் தேடுங்கள். ‘ன்-கா-ன்’, ‘இன்னாருடைய காவுக்காக’, கா என்பது ஒருவர் இறந்த பிறகும் வாழும் உயிர்ச்சக்தி. பதவிகள் இருந்தால் அவை முதலில் வரும், அடுத்து உட்கார்ந்த ஒரு மனிதனோ பெண்ணோ பொருள்சுட்டியாக முடித்துவைக்கும் படங்கள்தான் அந்தக் கல்லுக்குரியவரின் பெயர்.